முன்பல்லுக்கு உன் நிறம்

சிரிக்கும்போதெல்லாம் கையால் வாயைப் பொத்திக்கொண்ட என் அம்மாவுக்கு,

முதலில் ஒரு துக்கச் செய்தி. என் முன்பல் ஒன்று இறந்துவிட்டது. நான் சொல்லவில்லை, டாக்டரே சொன்னார், "இந்தப் பல்லு செத்துடுச்சும்மா" என்று. உன் பக்கம்தான் வந்திருக்கும். மேல்வரிசை, இடதுபுறம், குறுக்கே ஒரு பழுப்புப் பட்டை. பார்த்தவுடன் அடையாளம் தெரிந்திருக்குமே, உன்னுடையதைப் பார்த்துச் செய்தது மாதிரி இருக்கும். வந்து சேர்ந்ததா?

நீ போனதிலிருந்து எல்லோரும் "அம்மாவுக்கு ஒரு கடிதாசி எழுது புள்ள, மனசு லேசாவும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். எழுத உட்கார்ந்தால் வரவில்லை. துக்கம் எனக்கு வராத பாடம். கோபம் என்றால் நூற்றுக்கு நூறு. இப்போது கோபம் வந்திருக்கிறது, அதனால் எழுத்து தானாக ஓடுகிறது. யார் மேல் என்கிறாயா? பாதி சின்னம்மா மேல். மீதிப் பாதி உன் மேல்தான். பொறு, வரிசையாகச் சொல்கிறேன்.

ரேஷன் கடைக்கு எதிரே ஒரு அடிபம்பு உண்டே, ஃபுளோரைடு தண்ணீர், குடிக்கக்கூடாது என்று சிவப்புப் பெயின்ட் அடித்து வைத்தது. அதன் பக்கத்தில் நின்று, விசில் ஊதும்போது தும்மல் வந்தால் எங்கள் பி.டி. சார் எப்படி இருப்பார் என்று தோழிகளுக்கு நடித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். தும்முவதற்குக் குனிந்தேன். துணி அலசத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த ஒரு அக்கா அதே நேரம் பார்த்துக் கைப்பிடியை விட்டுவிட்டார். நான் கீழே போனேன், அது மேலே வந்தது. நடுவழியில் சந்தித்துக்கொண்டோம்.

யோசித்துப் பார். சின்ன வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் என் பல்லில் பட்டை விழுந்தது. கறை போட்டதும் அதே பம்பு, உடைத்ததும் அதே பம்பு. எடுத்த வேலையைப் பாதியில் விடாத குணம் அதற்கு.

பெயரிலேயே பல் வைத்திருக்கிற பல்லவிக்கு வாயில் பல் இல்லை என்றால் ஊர் சும்மா இருக்குமா? மற்றவர்களை விடு, உன் செல்ல மகன் கவின் அன்று சாயங்காலமே ஆரம்பித்துவிட்டான். "அக்கா, பல்லு போயிடுச்சு. இனிமே நீ வெறும் லவி." அவனுக்கென்ன, ஒகேனக்கல் தண்ணீர் குழாயில் வந்த பிறகு பிறந்தவன். தேங்காய்ப் பத்தை மாதிரிப் பல். ஒரே வூடு, ஒரே சோறு, தண்ணீர் மட்டும் வேறு. அக்காவுக்கு ஒரு நிறம், தம்பிக்கு ஒரு நிறம்.

அப்பா தக்காளி லோடு ஏற்றுவதை ஒரு நாள் விட்டுவிட்டு தர்மபுரி பல் டாக்டரிடம் கூட்டிப் போனார். பாதி உடைந்து நிற்கிற பல்லின் வேரைச் சுத்தம் செய்து அடைத்துவிட்டு, மேலே கேப் போட வேண்டும் என்றார் டாக்டர். பல்லில் கேப் விழுந்ததால் கேப் போடுகிறார்கள். இரண்டையும் ஒரே மாதிரி எழுதுகிற மொழியில் பிறந்ததற்கு நான் பெருமைப்படுகிறேன். தூக்கத்தில் நறநறவென்று பல்லைக் கடிப்பேன் என்பது உனக்குத் தெரியும், அப்பா அதையும் போட்டுக்கொடுத்துவிட்டார். "அப்படின்னா உள்ள உலோகம் வச்சு மேல பீங்கான் போட்டதுதான் தாங்கும்" என்றார் டாக்டர்.

இங்கேதான் சின்னம்மா உள்ளே வருகிறாள்.

உன் தங்கச்சி பாப்பாரப்பட்டியில் புது வூடு கட்டியிருக்கிறாள். தரை வெள்ளை டைல்ஸ், சுவர் வெள்ளை டைல்ஸ், துவைக்கிற கல்லைச் சுற்றியும் வெள்ளை டைல்ஸ். கிரகப்பிரவேசத்துக்குள் என் வாயிலும் டைல்ஸ் ஒட்டிவிட வேண்டும் என்று முடிவு செய்துவிட்டாள். என் பல் உடைந்த செய்தி கேட்டு அழுதாளா? அழுதாள். அழுது முடித்த கையோடு சொன்னாள், "சாமியாப் பாத்து ஒரு வழி காமிச்சிருக்கு. ஒன்னு போடற எடத்துல ஆறாப் போட்டுக்கலாம். முன்னால தெரியறது அத்தனையும் வெள்ளையாயிடும்."

"சின்னம்மா, மீதி அஞ்சும் உயிரோட இருக்குது."

"இருந்து என்னா பண்ணுது? நாளைக்குப் பொண்ணு பாக்க வரவங்க பல்லப் பாத்துட்டுப் போயிடுவாங்க."

"என்னைப் பாக்க வரவங்க என்னைப் பாக்கட்டும். பல்லப் பாக்கறவங்க மாட்டுச்சந்தைக்குப் போகட்டும்."

"வாயப் பாரு. உங்கம்மா இருந்திருந்தா இப்படிப் பேசுவியா?"

இதுதான் விஷயம் அம்மா. நீ இருந்திருந்தால் சின்னம்மா பக்கம்தான் நின்றிருப்பாய். எனக்கு அது நன்றாகத் தெரியும். நீ கண்ணாடி முன்னால் நின்று வேப்பங்குச்சி, கரி, உப்பு, டி.வி.யில் காட்டிய பேஸ்ட் எல்லாவற்றையும் போட்டுத் தேய்த்ததை நான் பார்த்திருக்கிறேன். ஈறில் ரத்தம் வந்ததே தவிர பட்டை போகவில்லை. உன் பல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். உன் சிரிப்பு எப்படி இருக்கும் என்றுதான் தெரியாது. கொஞ்சம் சத்தம் கேட்கும், கை வந்துவிடும். கையில் வேலை இருந்தால் முந்தானை வந்துவிடும்.

அப்பா உன்னைப் பெண் பார்க்க வந்த கதையை இப்போதும் சொல்கிறார். நீ வாயையே திறக்காததால் ஊமைப் பெண் என்று நினைத்துக்கொண்டாராம். "சரி, அவளுக்கும் சேத்து நான் பேசிக்கலாம்னு ஒத்துக்கிட்டேன்" என்கிறார். அவர் பல் என்ன முத்தா? பட்டை இல்லாமல் முழுக்கப் பழுப்புதான். அவர் வாயைப் பொத்தவில்லையே. நீ மட்டும் ஏன் பொத்தினாய்? யார் சொல்லிக்கொடுத்தது?

சரி, நிறம் பார்த்த கதைக்கு வருகிறேன். பல்லைத் தேய்த்துச் சின்னதாக்குவதற்கு முன்பே நிறத்தைப் பார்த்துவிட வேண்டுமாம். வாய் ரொம்ப நேரம் திறந்திருந்தால் பல் காய்ந்து, இருப்பதைவிட வெள்ளையாகத் தெரியுமாம். டாக்டர் மேலே எரிந்த பெரிய விளக்கை அணைத்தார். என் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பினார். என் கிளிப்பச்சை சுடிதாரின் மேல் சாம்பல் துணி ஒன்றைப் போர்த்தினார். பிறகு சின்னம்மாவைத் திரும்பிப் பார்த்து, "அம்மா, கொஞ்சம் தள்ளி நிக்கறீங்களா, உங்க பொடவை நிறம் பல்லுல அடிக்குது" என்றார். சின்னம்மா கட்டியிருந்தது மிட்டாய் ரோஸ். எனக்கு அந்த டாக்டரை அந்த நிமிடமே பிடித்துவிட்டது.

பெயின்ட் கடையில் நிற அட்டை காட்டுவார்களே, அது மாதிரி ஒரு பட்டியில் மாதிரிப் பற்களை வரிசையாகக் கோத்து வைத்திருந்தார். ஒவ்வொன்றாக எடுத்து, உடையாமல் இருக்கிற என் வலதுபுற முன்பல்லுக்குப் பக்கத்தில் பிடித்தார். அரைக்கண்ணால் ஒரு பார்வை, உடனே சாம்பல் சுவரைப் பார்ப்பது, மறுபடி ஒரு பார்வை. புதுமாப்பிள்ளை பெண்ணைப் பார்க்கிற மாதிரியே இருந்தது. அதிக நேரம் உற்றுப் பார்த்தால் கண் பழகிப்போய் எல்லாமே ஒத்துப்போவதாகத் தெரியுமாம்.

அப்பா பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார். "எங்க மண்டியிலயும் இப்படித்தாங்க. காய், செங்காய், பழம்னு கண்ணாலயே பிரிக்கணும்."

டாக்டர் சிரித்துவிட்டுப் பட்டியை மடக்கினார். "அடிநிறம் கெடைச்சிடுச்சு. ஆனா இந்தப் பட்டியில உங்க ஊர்ப் பல்லு இல்லைங்க."

அதைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. ஒரு கணம்தான். பிறகு தோன்றியது, பட்டியில் இல்லாவிட்டால் குறை பட்டிக்குத்தானே?

சின்னம்மா விடவில்லை. "அதாங்க டாக்டர், ஆறும் வெள்ளையாப் பண்ணிட்டா பொருத்தற வேலையே இல்ல."

"பண்ணலாம்மா. ஆனா அதுக்கு நல்ல பல்லு அஞ்சையும் ராவிச் சின்னதாக்கணும். ஒருதரம் ராவினா திரும்ப வராது. கறை இருக்கே தவிர ஒன்னுல கூட சொத்தை இல்ல. பட்டையைக் கொஞ்சம் மங்கலாக்கற வைத்தியமும் இருக்கு, பின்னால வேணும்னா பாத்துக்கலாம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ என்னா சொல்ற? வாய் உன்னுது."

ஓட்டைப் பல்லோடு, காற்று புஸ்ஸென்று போக, என்னால் முடிந்த கம்பீரத்தோடு சொன்னேன், "பக்கத்துப் பல்லு மாதிரியே வேணும் டாக்டர். பட்டை, புள்ளி, வெள்ளைக் கீறல் எல்லாம்."

திரும்பும்போது சின்னம்மா பஸ்ஸில் ஜன்னல் ஓரம் போய் உட்கார்ந்துகொண்டாள். பஸ் நல்லம்பள்ளி தாண்டியதும் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். "எங்கக்கா ஒரு போட்டோவுல கூட சிரிக்கல. மால போடறதுக்குப் படம் தேடனோமே, ஒன்னு கெடைச்சுதா? வாய இறுக்கிக்கிட்டு அழப்போறவ மாதிரி இருக்கறதத்தான் மாட்டி வச்சிருக்குது. நீயும் அப்படி ஆவணுமா?"

  அன்று இரவு உன் படத்தின் முன்னால் நின்று உன்னைத்தான் திட்டினேன். கேட்டிருக்கும்.

கேப் வந்துவிட்டது என்று போன் வந்தது. சின்னம்மாவும் வந்தாள். டாக்டர் பெட்டியைத் திறந்தார். உள்ளே வெள்ளைவெளேரென்று ஒரு பல். பட்டை இல்லை, புள்ளி இல்லை. டாக்டர் நெற்றியைச் சுருக்கினார். "நான் வரைஞ்சு அனுப்பியிருந்தேனே" என்றபடி சும்மா வைத்துப் பார்த்துவிட்டுக் கையில் கண்ணாடியைக் கொடுத்தார்.

கண்ணாடியில் என் வாய்க்குள் யாரோ டார்ச் அடித்த மாதிரி இருந்தது. நடுவில் அந்த ஒன்று மட்டும் பளிச்சென்று, பக்கத்தில் இருந்த என் பற்களெல்லாம் முன்பைவிடக் கறுத்துப்போன மாதிரி. பல்பு வாங்குவது என்பார்களே, நான் நிஜமாகவே வாயில் வாங்கியிருந்தேன்.

சின்னம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாரு, எவ்ளோ அழகா இருக்குது. இதையே ஒட்டிடுங்க டாக்டர். இதுக்கு ஏத்த மாதிரி மத்தத அப்புறம் மாத்திக்கலாம்."

அப்புறம் என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது. இந்த ஒன்றை ஒட்டிவிட்டால், மீதி ஐந்தும் வரிசையில் நிற்க வேண்டியதுதான். அவற்றை ராவி எடுத்துவிட்டால் உன் பட்டை இந்த வீட்டில் யார் வாயிலும் இருக்காது. நீ எனக்கு நகை விட்டுப்போகவில்லை, உன் குரலைக்கூட யாரும் போனில் பிடித்து வைக்கவில்லை. பட்டை ஒன்றுதான் இருக்கிறது. அதையும் கறை என்று துடைத்துவிடுவார்களாம்.

எனக்கு அழுகை வந்தது. அதனால் உன் வித்தையைச் செய்தேன். கேப்பைக் கையில் துப்பிவிட்டு வாயை இறுக மூடிக்கொண்டேன். "வாயத் தொற புள்ள" என்கிறாள் சின்னம்மா. தலையை மட்டும் ஆட்டினேன். நீ வெட்கத்துக்கு மூடியதை நான் சண்டைக்கு மூடினேன். ஒரே பூட்டுதான், சாவி வேறு.

அப்பா எழுந்து வந்தார். "வேணாங்க டாக்டர். பொண்ணு வாயில வேற யாரோ வந்து உக்காந்த மாதிரி இருக்குது."

சின்னம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டாக்டர் பல் செய்கிற லேபுக்குப் போன் போட்டார். இரண்டு தெரு தள்ளித்தான். "நேராவே அனுப்பறேன், பக்கத்துல உக்கார வச்சுப் பாத்துப் பண்ணுங்க" என்றார்.

லேப் ஒரு மாடி அறை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பீங்கான் மாவு காலில் ஒட்டியது. இதல்லவா பல்-கலைக் கழகம் என்று அப்பாவிடம் சொன்னேன். அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. உள்ளே பல் செய்கிற இர்ஃபான் அண்ணன், காதில் புளூடூத்தோடு யாருடனோ பிரியாணி பற்றி விவாதித்துக்கொண்டிருந்தார்.

"ஏண்ணா, காதுல நீலப்பல்லு வச்சிருக்கீங்க, எனக்குப் பழுப்புப் பல்லு செய்ய மாட்டீங்களா?"

போனை வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஓ, அந்தப் பல்லு நீதானா? ஏம்மா, நல்லாத்தானே செஞ்சிருந்தேன்."

"டாக்டர் பட்டை வரைஞ்சு அனுப்பினாங்களாமே."

"பாத்தேன். இங்கிங்க கறை இருக்குது, இதெல்லாம் வராமப் பாத்துக்கோன்னு சொல்றாங்கன்னு நெனச்சிட்டேன். இந்த மாவட்டத்துல கறை வேணும்னு கேட்டு வாங்கற ஆளு உண்டா? சின்னப் பொண்ணு, நல்லா இருக்கட்டுமேன்னு ஒரு படி கூடவே வெள்ள வச்சேன்." அவர் சிரித்தார். முன்னால் நான்கு பல், டியூப்லைட் மாதிரி. "என்னுதே கேப்புதான். சொந்தச் சரக்கு. பொறந்தது இங்கதான், தண்ணி என்னை மட்டும் விட்டுடுமா?"

"உங்களுக்கு வெள்ள புடிச்சிருக்குது, வச்சுக்கிட்டீங்க. எனக்கு என்னுது புடிச்சிருக்குதுண்ணா."

 அவர் நாற்காலியை ஜன்னலுக்கு இழுத்துப் போட்டார். "உக்காரு. நாக்கால பல்ல நனைச்சுக்கிட்டே இரு. காஞ்ச பல்லு பொய் சொல்லும்."

முதலில் வெள்ளைப் பல்லின் மேலேயே பழுப்பைத் தீட்டிச் சூளையில் வைத்து எடுத்தார். சூளை என்றால் பெரிதில்லை, ரைஸ் குக்கர் அளவுதான். அறைக்குள் நன்றாகத்தான் இருந்தது. மொட்டைமாடி வெயிலில் என்னை நிறுத்தி, பல்லைப் பக்கத்தில் பிடித்தார். டீயைக் கொட்டிவிட்டுத் துடைக்காமல் விட்ட மாதிரி ஆரஞ்சாக இருந்தது.

"ஆவாது" என்றார். "உன் கறை மேல இல்ல, உள்ள இருக்குது. மேல பூசினா பூசின மாதிரிதான் இருக்கும்."

பீங்கானைச் சுரண்டி எடுத்தார். உலோகத்தின் கறுப்பு வெளியே அடிக்காமல் இருக்க ஒரு கெட்டி வெள்ளைப் பூச்சு அடியில் உண்டு. அந்தப் பூச்சு வரைக்கும் இறங்கிவிட்டு மறுபடி ஆரம்பித்தார். ஈரப் பீங்கான் மாவைத் தூரிகை நுனியில் எடுத்து, அடிநிறம், அதன் மேல் பழுப்பு ஒரு கோடு, மேகம் மாதிரி வெள்ளைக் கீறல், எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி மாதிரி ஒரு படலம். சூளை, வெயில், மறுபடி சூளை. சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. என் வாய்தான் வலித்தது, என்றாலும் மூடவில்லை.

"அந்த ஓரம் இன்னும் கொஞ்சம் செங்காயா இருக்கணுங்க" என்றார் அப்பா.

"அண்ணே, இது பல்லுங்க, தக்காளி இல்ல." சொல்லிவிட்டு உற்றுப் பார்த்தார். பிறகு அந்த ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தார்.

கடைசியாக மொட்டைமாடியில் பல்லை என் வலதுபுறப் பல்லுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். "இத்தனை வருஷத்துல இப்படி ஒன்னு செஞ்சதில்ல. போட்டோ எடுத்துக்கட்டுமா?" என்றார். ஈ என்று காட்டினேன். அவருடைய போனில் உன் மகளின் பல் இருக்கிறது அம்மா, பெருமையாக.

மறுநாள் டாக்டர் ஒட்டிவிட்டார். கவின் என் வாயில் டார்ச் அடித்து ஒரு மணி நேரம் தேடினான். இரண்டு தடவை தவறாகச் சொன்னான். லவிக்குப் பல் திரும்ப வந்துவிட்டது. நம் ஊர்ப் பெண் பிள்ளைகள் இப்போது வாயைத் திற, திற என்று என்னைச் சுற்றிவருகிறார்கள். இத்தனை வருடம் பொத்திப் பொத்தி வைத்திருந்த பல்லையெல்லாம் கண்ணாடியில் என் பல்லோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். "எனக்குப் பட்டை உன்னவிடப் பெருசு" என்று ஒருத்தி பெருமையடித்தாள். நான் விட்டுக்கொடுக்கவில்லை.

கிரகப்பிரவேசத்தன்று சின்னம்மா என்னோடு சரியாகப் பேசவில்லை. வாசலில் பெரிய பாயசத் தூக்கைத் தூக்கிக்கொண்டு வந்தவளை வெயிலில் மறித்தேன்.

"சின்னம்மா, எது கேப்புன்னு கண்டுபுடி. புடிச்சிட்டா ஆறும் வெள்ளையா மாத்திக்கறேன்."

அப்பா என்னைத் திகிலோடு பார்த்தார்.  சொன்னது சொன்னதுதான். சின்னம்மா இரண்டு கையிலும் தூக்கைப் பிடித்தபடி என் முகத்துக்கு நேரே குனிந்தாள். அரைக்கண் வைத்தாள். அந்த டாக்டர் செய்த மாதிரியே. நேரமெடுத்துப் பார்த்துவிட்டு, தாடையால் வலதுபுறப் பல்லைக் காட்டினாள்.

"இதான். பாரு, எவ்ளோ அசிங்கமாக் கறை வச்சிருக்கான். பாத்தாலே தெரியுது, போலி."

"அது எங்கம்மா குடுத்தது சின்னம்மா. பல்லு மொளைச்சதுல இருந்து இருக்குது."

அவள் என்னையே பார்த்தாள். முகம் அழப்போகிற மாதிரிப் போய், பாதி வழியில் திரும்பிவிட்டது. சிரிப்பு வெடித்தது. கை மேலே வரப் பார்த்தது, ஆனால் கையில் பாயசம். தூக்கைக் கீழே வைக்கவும் முடியவில்லை, சிரிப்பை நிறுத்தவும் முடியவில்லை. "அடிப்பாவி, அடிப்பாவி" என்று சொல்லிச் சொல்லி வாய் முழுக்கத் திறந்து சிரித்தாள். போட்டோக்காரர் வேலை தெரிந்தவர், அந்த நேரம் பார்த்து, கூடச் சிரித்த என்னையும் சேர்த்து அழுத்திவிட்டார்.

நீயும் அவளும் ஒரே கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள் இல்லையா. படத்தில் பார்த்தேன். அதே இரண்டு முன்பல், அதே பட்டை, இடது ஓரத்தில் அதே வெள்ளைக் கீறல். அம்மா, நீ சிரித்தால் எப்படி இருந்திருப்பாய் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. இவ்வளவு நல்ல பொருளையா எங்களிடமிருந்து மறைத்து வைத்தாய்?

சின்னம்மா அந்தப் படத்தை அழிக்கச் சொல்லிக் கெஞ்சினாள், பிறகு மிரட்டினாள். நான் அழிக்கவில்லை. பெரிதாக்கி, சட்டம் போட்டு வாங்கி வந்துவிட்டேன். உன் படத்தை ஒட்டி, ஒரே ஆணி வரிசையில் மாட்டப்போகிறேன். நீ சொன்னதை நான் எப்போதும் கேட்டதில்லை, இதிலும் கேட்கப்போவதில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், யார் பெண் பார்க்க வந்தாலும், யார் போட்டோ எடுத்தாலும், இந்த வாய்க்கு முன்னால் என் கை வராது. உன் படத்தில் நீ வாயை இறுக்கிக்கொண்டிரு. பக்கத்தில் நாங்கள் இரண்டு பேரும் முழு வாயைத் திறந்துகொண்டு நிற்கிறோம். எத்தனை நாள் தாங்குகிறாய் என்று பார்க்கிறேன்.

உன் பல்லோடு ஊரைக் கடித்துக்கொண்டிருக்கும்
உன் மூத்த மகள்,
முழுப் பல்லவி